மஞ்சள் படிந்த முத்து வெள்ளை ஸ்னேர் டிரம்: உரிப்பதா, காப்பதா?

உங்கள் கேள்வியின் சாரம் இது: உறவினர் ஒருவரிடமிருந்து உங்கள் கைக்கு வந்த 14 அங்குல லட்விக் ஸ்னேர் டிரம்மின் வெளிப்புறம், ஒரு காலத்தில் முத்துப்போல வெண்மையாக இருந்து, இப்போது நெய்யின் நிறத்துக்கு வந்திருக்கிறது. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு கோட்டில் மேற்பரப்பு மெல்லத் தூக்கியிருக்கிறது. உலோகப் பாகங்கள் மங்கிவிட்டன. நிறுவனத்தின் பேட்ஜ் வளைவின் நடுக்கல் வடிவில் இருக்கிறது, அதில் எண்ணும் உண்டு. ஷெல்லின், அதாவது டிரம்மின் உருளை வடிவ உடலின், உட்புறம் வெள்ளைப் பெயின்ட். இது என்ன பூச்சு, இதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெள்ளை அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உப்புத்தாளைக் கையில் எடுத்துவிட்டால் பிறகு சொல்வதில் பயனில்லை: சுரண்டாதீர்கள். அது பெயின்டே அல்ல. மரத்தின்மேல் ஒட்டிய, செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கின் தகடு. டிரம் வேலை செய்பவர்கள் அதை ராப் என்பார்கள். நீங்கள் சொல்லும் நிறத்துக்கு விற்பனைப் பட்டியல்களில் இருந்த பெயர் ஒயிட் மரீன் பேர்ல். அது தூக்கியிருப்பதும் மஞ்சளாகியிருப்பதும் அதன் வயதுக்கு இயல்பானவை. இரண்டையும் பெருமளவு சீர்செய்ய முடியும். உரித்துவிட்டால் மட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது.

காலத்தை நிர்ணயிப்பதிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எந்தக் காலம் என்று தெரிந்தால் எந்தப் பூச்சு என்பது பாதி தெரிந்துவிடும். வில்லியம் எஃப். லட்விக்கும் அவருடைய தம்பி தியோபால்டும் 1909இல் சிகாகோவில் தொடங்கிய நிறுவனம் பின்னர் கான் என்ற இசைக்கருவி நிறுவனத்தின் கைக்குப் போனது. மூத்தவர் அங்கிருந்து விலகி, 1937இல் தன் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு டபிள்யூ.எஃப்.எல். என்ற புதிய நிறுவனத்தைத் தொடங்கினார். லட்விக் என்ற சொந்தப் பெயரை 1955இல்தான் திரும்ப வாங்கினார். ஆகவே டபிள்யூ.எஃப்.எல். என்று பொறித்த டிரம்கள் அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தவை. உங்கள் டிரம்மில் இருப்பது கீஸ்டோன் எனப்படும், வளைவின் நடுக்கல் வடிவிலான பேட்ஜ். அது 1960களுக்கு உரியது. அந்தப் பேட்ஜில் வரிசை எண் பொறிக்கும் வழக்கம் 1963இன் இறுதியில் தொடங்கியது. 1960களின் முடிவில் நீலமும் ஆலிவ் பச்சையும் கலந்த வேறொரு பேட்ஜ் வந்துவிட்டது. எனவே எண்ணுள்ள கீஸ்டோன் பேட்ஜும் உட்புற வெள்ளைப் பெயின்டும் சேர்ந்து, உங்கள் டிரம்மை 1963இன் இறுதிக்கும் அந்தப் பத்தாண்டின் முடிவுக்கும் இடையில் நிறுத்துகின்றன. உட்புறத்தில் சிவப்பு மையில் தேதி முத்திரை ஏதேனும் தெரிகிறதா என்று ஒரு விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். அந்தக் காலத்து மர ஷெல்கள் பலவற்றில் அது இருக்கும், வரிசை எண்ணைவிட அதை நம்பலாம். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரின் கருப்பு ஆய்ஸ்டர் நிற லட்விக் செட்டை அமெரிக்கா முழுவதும் பார்த்தது. அதன்பின் குவிந்த ஆர்டர்களால்தான் அந்த ஆண்டுகளின் டிரம்கள் இவ்வளவு எண்ணிக்கையில் இன்றும் கிடைக்கின்றன.

ராப்பா பெயின்டா என்று அறிவதற்கு மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, நீங்கள் குறிப்பிட்ட அந்தச் செங்குத்துக் கோடு. பெயின்டுக்கு இணைப்பு கிடையாது, தகட்டுக்கு இருந்தே ஆகவேண்டும். இரண்டாவது, தோலையும் அதை அழுத்திப் பிடிக்கும் வளையமான ரிம்மையும் கழற்றினால் தெரியும் ஷெல்லின் விளிம்பு. அங்கே மரத்தின்மேல் நகத்தால் உணரக்கூடிய தடிமனில் தனியான ஓர் அடுக்கு தெரியும். மூன்றாவது, லக்குகளுக்காக, அதாவது தோலை இறுக்கும் திருகுகளை ஏற்க ஷெல்லின் பக்கத்தில் பூட்டிய உலோகப் பாகங்களுக்காக, துளையிட்ட ஓட்டையின் ஓரம். பெயின்டாக இருந்தால் ஓரம் உதிர்ந்து பொடியாகியிருக்கும், செல்லுலாய்டாக இருந்தால் சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும், அல்லது திருகிலிருந்து மெல்லிய கீறலாக வெடித்திருக்கும்.

இந்தத் தகடு எப்படிச் செய்யப்பட்டது என்பதை அறிந்தால், அதனிடம் எவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளலாம் என்பது புரியும். பருத்தியை நைட்ரிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்து கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸை, கற்பூரத்தைச் சேர்த்து இளக்கினால் செல்லுலாய்டு வரும். அதற்குள் மீன் செதில்களிலிருந்து எடுத்த மினுக்குப் பொருளைக் கலந்து, அலையலையாகப் படியவைத்து, கட்டியாக்கி, அந்தக் கட்டியைத் தகடு தகடாகச் சீவுவார்கள். ஆகவே முத்து நிறத் தகட்டில் அந்த மினுக்கம் தடிமன் முழுவதிலும் ஊடுருவியிருக்கிறது. மினுமினுக்கும் ஸ்பார்க்கிள் வகைகள் அப்படியல்ல. அவற்றில் உலோகத் துகள்களின்மேல் தெளிந்த ஓர் அடுக்கு மட்டுமே காப்பாக இருக்கிறது, அதைத் தேய்த்துத் தாண்டிவிட்டால் துகள்களே வெளிவந்துவிடும். முத்து வெள்ளையில் சற்றுத் தாராளமாக மெருகேற்றலாம், ஸ்பார்க்கிளில் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

செல்லுலாய்டு தானா என்று உறுதிசெய்ய, லக் ஒன்றைக் கழற்றி அதன் அடியில் மறைந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் அரை நிமிடம் அழுத்தித் தேய்த்து உடனே முகர்ந்து பாருங்கள். மெல்லிய கற்பூர வாசனை வந்தால் அது நைட்ரோசெல்லுலோஸ். புளித்த வினிகர் நெடி வந்தால் அது செல்லுலோஸ் அசிட்டேட், அதுவும் சிதையத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். சூடான ஊசியால் குத்திப் பார்ப்பது, சிறு துண்டைக் கொளுத்திப் பார்ப்பது போன்ற பழைய சோதனைகளைச் சிலர் இன்னும் சொல்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நைட்ரோசெல்லுலோஸ் பற்றிக்கொண்டால் தன் வேதிப்பொருளுக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்துக்கொண்டு எரிகிறது. மூடி அணைக்க முடியாது. தீக்குச்சி, ஹீட் கன், அரைத்துச் சூடாக்கும் சக்கரம் எதையும் அதன் அருகே கொண்டுபோகக் கூடாது.

உங்கள் டிரம்முக்கு இது தேவைப்படாது என்றாலும், இதே கேள்வியோடு வருகிறவர்கள் பலரிடம் இருப்பது உண்மையில் பூச்சு அடித்த டிரம் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் டூபாண்ட் நிறுவனம் டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கரைக் கொண்டுவந்தது. மோட்டார் கார்களுக்கென்று வந்த அந்தப் பூச்சு சில ஆண்டுகளிலேயே டிரம்களுக்கும் பரவி, கருப்பிலிருந்து பொன்னுக்கும் நீலத்திலிருந்து வெள்ளிக்கும் மெல்லக் கரைந்து மாறும் பட்டைகளாகத் தெளிக்கப்பட்டது. அதில் பொன் நிறம் தருவது செம்புக் கலவையின் பொடி. காலப்போக்கில் அது பச்சையும் பழுப்புமாகக் கருத்துவிடும். வெள்ளி நிறம் தரும் அலுமினியப் பொடி அப்படிக் கருப்பதில்லை. ஆகவே பட்டையின் ஒருபக்கம் மட்டும் பச்சை பூத்திருந்தால் அதை அழுக்கென்று எண்ணித் தேய்க்கக் கூடாது. அந்தப் பச்சையே நிறமியாகிவிட்டது, தேய்த்தால் பட்டையே போய்விடும்.

மரத்தின் நிறமே தெரியும் டிரம்களில், பூச்சை அறியக் கரைப்பான் சோதனை செய்யலாம், ஆனால் லக்கின் அடியில் மட்டும். பஞ்சு முனையில் ஸ்பிரிட் தொட்டு வைத்தால் பிசுபிசுப்பது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் லேக்கர் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையவில்லையென்றால் பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷோ பிற்காலத்துப் பாலியூரித்தேனோதான், அதாவது யாரோ பின்னர் அடித்தது என்று சந்தேகிக்க இடமுண்டு. ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கு இருந்தால் கரைப்பானே வேண்டாம். இருட்டறையில் அரக்கு ஆரஞ்சு நிறமாக ஒளிரும், லேக்கர் மங்கிய பச்சை கலந்த மஞ்சளாகத் தெரியும். இந்தச் சோதனை எதையும் கெடுப்பதில்லை என்பதால் நான் எப்போதும் இதிலிருந்தே தொடங்குகிறேன். ராப் உள்ள டிரம்மில் மட்டும் கரைப்பான் சோதனையே வேண்டாம். அசிட்டோனும் தின்னரும் செல்லுலாய்டைப் பாகாகக் கரைத்துவிடும்.

உலோக ஷெல் என்றால் கையில் ஒரு காந்தம் இருந்தால் போதும். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் பித்தளையோ அலுமினியமோ. துளையின் ஓரத்தில் பூச்சு இல்லாத உலோகம் மஞ்சளாகத் தெரிகிறதா, வெளுப்பாகத் தெரிகிறதா என்பது மீதியைச் சொல்லிவிடும். லட்விக்கின் புகழ்பெற்ற சூப்ராஃபோனிக் டிரம்களில், பித்தளைமேல் குரோமியம் பூசிய தொடக்க காலத்தவை நன்றாகவே நிலைத்திருக்கின்றன. பிறகு வந்த அலுமினியக் கலவை ஷெல்களில்தான் குரோமியம் புள்ளிபுள்ளியாகக் கொப்பளித்து உதிர்கிறது. அடியிலிருக்கும் அலுமினியம் அரிக்கப்படுவதால் வரும் அந்தக் குழிகளை எந்த மெருகுப் பொருளும் நிரப்பாது. ஈரமில்லாமல் துடைத்து மெழுகு பூசி, அது பரவாமல் பார்த்துக்கொள்வதே செய்யக்கூடியது. 1920களின் பிளாக் பியூட்டி போன்ற கருப்பு நிக்கல் பூசிய, செதுக்கு வேலைப்பாடுள்ள டிரம் யாரிடமாவது இருந்தால், அதன்மேல் பித்தளைப் பாலிஷ் ஒரு சொட்டும் படக்கூடாது. அந்தக் கருப்பு மிகமிக மெல்லியது.

இனி உங்கள் மஞ்சளுக்கு வருவோம். வெளிச்சத்தாலும் வயதாலும் செல்லுலாய்டு தானாகவே மஞ்சளாகிறது, அதோடு மண்டபங்களிலும் இரவு விடுதிகளிலும் படிந்த சிகரெட் புகையும் சேர்ந்துகொள்கிறது. நீல ஸ்பார்க்கிள் டிரம்கள் பல இன்று பச்சையாகத் தெரிவதும் இதனால்தான்: நீலம் மாறவில்லை, அதன்மேலுள்ள தெளிந்த அடுக்கு மஞ்சளாகிவிட்டது. எனவே முதல் வேலையாக ஒரே ஒரு லக்கைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள். வெளிச்சமும் புகையும் படாத அந்த இடத்தில் தெரிவதுதான் உங்கள் டிரம் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் நிறம். அதற்கும் வெளிநிறத்துக்கும் உள்ள தூரத்தை வைத்தே, எவ்வளவு வேலை செய்யலாம் என்று முடிவு செய்ய வேண்டும். அங்கேயும் ஓரளவு மஞ்சளாக இருந்தால், தகடு உள்ளூரவே நிறம் மாறிவிட்டது என்று பொருள். எவ்வளவு தேய்த்தாலும் அதற்குமேல் வெளுக்காது.

சுத்தம் செய்யும் முறை பொறுமையைத்தான் கேட்கிறது. தோல்கள், ரிம்கள், லக்குகள், கீழே கம்பிச்சுருளைப் பிடித்திருக்கும் ஸ்ட்ரெய்னர் எல்லாவற்றையும் கழற்றுங்கள், ஆனால் ஒவ்வொரு லக்கும் எந்தத் துளையில் இருந்தது என்று குறித்துவைத்து, அதன் திருகுகளோடு தனித்தனிப் பையில் போடுங்கள். பேட்ஜை மட்டும் கழற்றாதீர்கள். காற்றுத்துளையின் வளையம்தான் அதைப் பிடித்துவைத்திருக்கிறது, நெம்பினால் பேட்ஜ் வளையும், அதைச் சுற்றியுள்ள ராப்பும் வெடிக்கும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓரிரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்து, அதில் நனைத்து நன்கு பிழிந்த பருத்தித் துணியால் கையகல இடமாகத் துடைத்து, உடனே உலர்துணியால் ஈரத்தை எடுத்துவிடுங்கள். இணைப்புக் கோட்டுக்குள்ளும் துளைகளுக்குள்ளும் நீர் இறங்கக் கூடாது, மரம் ஊதினால் ராப் மேலும் தூக்கும். இந்த முதல் கழுவலிலேயே துணி காப்பி நிறமாகும். மஞ்சளென்று நாம் எண்ணியதில் ஒரு பங்கு வெறும் புகைக்கறை என்பது அப்போது தெரியும். போகாத பிசுக்கும் ஒட்டுத்தாள் பசையும் இருந்தால், சிகரெட் லைட்டரில் ஊற்றும் நாப்தாவைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். அது செல்லுலாய்டைத் தாக்குவதில்லை. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் சுடர் எதுவும் வேண்டாம்.

அதன்பிறகுதான் மெருகு. பிளாஸ்டிக்குக்கென்றே வரும் மென்மையான பாலிஷை, எடுத்துக்காட்டாக நோவஸ் 2 என்ற நுண்கீறல் நீக்கியை, மென்துணியில் எடுத்து, கையாலேயே சிறு வட்டங்களாகத் தேய்த்து, கடைசியில் நோவஸ் 1 கொண்டு துடைத்து முடிக்கலாம். மின்சார மெருகுச் சக்கரம் வேண்டாம். ஒரே இடத்தில் சில நொடிகள் நின்றுவிட்டால் அந்தச் சூட்டில் செல்லுலாய்டு உருகிச் சுருண்டுவிடும். இன்னும் வெண்மை வேண்டுமென்று, 2000 எண் நீர் உப்புத்தாளை ஈரத்தோடு ஓட்டி மஞ்சள் தோலையே சீவி எடுக்கிறவர்கள் உண்டு. வெளிச்சம் பட்ட மேற்புறத்தில்தான் மஞ்சள் அதிகம் என்பதால் அது பலன் தரத்தான் செய்கிறது. இருந்தும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு டிரம்மில் அப்படிச் செய்தபோது, லக்குகளின் இடைவெளிகளில் ஒரே அழுத்தத்தைக் காக்க முடியாமல், வெள்ளையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகிவிட்டது. அந்தத் திட்டுகள் இன்றும் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் எடுத்த தோலைத் திரும்ப ஒட்ட முடியாது. சீரான மஞ்சள் கண்ணை உறுத்துவதில்லை, திட்டுத்திட்டான வெண்மை உறுத்தும்.

தூக்கியிருக்கும் இணைப்புக்கு வருகிறேன். செல்லுலாய்டில் உள்ள கற்பூரமும் கரைப்பான்களும் பல பத்தாண்டுகளாக மெல்ல வெளியேறுவதால் தகடு சுருங்குகிறது, சுருங்கிய தகடு பசையிலிருந்து விடுபட்டுத் தூக்குகிறது. ஆகவே இரண்டு ஓரங்களையும் இழுத்து மீண்டும் சந்திக்கவைக்க முயலாதீர்கள், வேறோர் இடத்தில் கிழியும். ஒன்றோ இரண்டோ மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் தெரியட்டும். தூக்கிய பகுதியின் அடியில் உள்ள பழைய பசைத்தூளை மெல்லிய மரக்குச்சியால் கோரி எடுத்து, தலைமுடி உலர்த்தியை மிகக் குறைந்த சூட்டில், ஓரடித் தூரத்தில் வைத்து, கைக்கு வெதுவெதுப்பாக உணரும் அளவுக்கு மட்டும் தகட்டை இளக்குங்கள். குளிர்ந்த நிலையில் வளைத்தால் அது கண்ணாடிபோல் உடையும். நீரை அடிப்படையாகக் கொண்ட காண்டாக்ட் பசையை இருபுறமும் மெல்லியதாகத் தடவி, அது தொட்டால் ஒட்டாத அளவுக்கு உலர்ந்தபின், உள்ளிருந்து வெளியாக அழுத்திக்கொண்டே வந்து சேருங்கள். மேலே மெழுகுத்தாள் வைத்து, அகலமான துணிப்பட்டையால் ஷெல்லைச் சுற்றி இறுக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் நெடியுள்ள காண்டாக்ட் பசையில் இருக்கும் கரைப்பான் செல்லுலாய்டை மென்மையாக்கிச் சுருக்கிவிடக்கூடும், சூப்பர் குளூ வெளுத்த தடம் விடும். இரண்டையும் தவிருங்கள்.

முழுவதும் உரித்துவிட்டுப் புதிய ராப் ஒட்டுவதைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். பிற டிரம்களில் அது ஓரளவு எளிது. 1960களின் லட்விக் மர ஷெல்களில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது: ராப்பின் முனை மேலோட்டமாக ஒட்டப்படாமல், ஷெல்லின் வெளி அடுக்கு மரம் சாய்வாகச் சேரும் அந்த இணைப்புக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும். நடுவில் பாப்லர் மரம் வைத்த மூன்றே அடுக்குகள் கொண்ட மெல்லிய ஷெல் அது, உள்ளே மேலும் கீழும் இருக்கும் வளையங்கள்தான் அதற்கு வலு. ராப்பை இழுத்தால் வெளி அடுக்கு மரமும் கூடவே உரிந்து வரும். விளிம்பு முழுவதும் நொறுங்கி, பாதிக்குமேல் ராப் இல்லாமற்போன ஷெல்லாக இருந்தால் வேறு வழியில்லை, அப்போதும் அந்த முனையைக் கத்தியால் வெட்டி உள்ளேயே விட்டுவிட வேண்டும். உங்களுடையது அந்த நிலையில் இல்லவே இல்லை. அசல் ராப்போடு இருக்கும் மங்கிய டிரம்முக்கு, புதிதாகப் பூசிய பளபளப்பான டிரம்மைவிட மதிப்பு அதிகம் என்பதையும் கருதுங்கள். சேகரிப்பவர்கள் மட்டுமல்ல, வாசிப்பவர்களும் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

உலோகப் பாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீலச் சாயலோடு மினுங்குவது குரோமியம், சற்று மஞ்சள் சாயலோடு வெதுவெதுப்பாகத் தெரிந்து பனிபடிந்ததுபோல மங்குவது நிக்கல். உங்கள் காலத்து லட்விக்கில் குரோமியம்தான் இருக்கும். ரிம்மில் துரு இருந்தால், அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்து மெல்லத் தேய்த்தால் போய்விடும், ஏனெனில் அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது. நிக்கலில் இதைச் செய்யாதீர்கள். லக்குகள் வார்ப்புத் துத்தநாகம் என்பதால் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைக்கக் கூடாது, அமிலம் அவற்றைத் தின்றுவிடும். சோப்பு நீர், உலர்துணி, பிறகு சிறிது மெழுகு போதும். மீண்டும் பூட்டும்போது, லக் திருகுகளை ராப் நசுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள். துளைகளிலிருந்து கிளம்பும் கீறல்கள் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன.

கடைசியாக, வைக்கும் இடம். சிதையும் நைட்ரோசெல்லுலோஸ் வெளிவிடும் வாயு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, ராப்பையும் அருகிலுள்ள உலோகத்தையும் அரிக்கும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் பைக்குள்ளோ இறுக்கமான பெட்டிக்குள்ளோ மூடிவைத்தால் அந்த வாயு வெளியேற வழியின்றி அழிவை விரைவாக்கும். துணி உறையில், நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள அறையில் வையுங்கள். நீங்கள் இருப்பது கடற்கரை ஊர் என்றால், உப்புக்காற்றுக்காக உலோகப் பாகங்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது மெழுகு பூசுங்கள். இப்போதைக்கு ஒரே ஒரு லக்கைக் கழற்றி, அதன் அடியில் தெரியும் நிறத்தையும் பக்கத்து நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒரே படமாக எடுத்து அனுப்புங்கள். மெருகேற்றும் கட்டத்துக்குப் போகவேண்டுமா, கழுவியதோடு நிறுத்தலாமா என்பதை அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.